வீல் இருக்கட்டும், முதலில் அந்த வெல்டிங்கைப் பாருங்கள்

கேள்வி:

அண்ணா, வணக்கம். நான் சான் டியேகோவில் இருக்கிறேன். வேலை கம்ப்யூட்டரில், ஆசை மணல்மேட்டில். போன வருடம் பழைய டூன் பக்கி (மணலில் ஓட்டுகிற திறந்த வண்டி) ஒன்று வாங்கினேன். ஃபைபர் பாடி, அடியில் இருப்பது 1967 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் என்று வண்டியின் டைட்டில் பத்திரம் சொல்கிறது. ஸ்டீரிங்கின் பிளாஸ்டிக் வெடித்து உள்ளங்கையைக் கிழிக்கிறது. பெரிய வீல் என்பதால் தொடையிலும் இடிக்கிறது. ஆறு வயதுப் பையனை மடியில் வைத்துக்கொண்டால் திருப்பவே முடிவதில்லை. 280 மில்லிமீட்டர் சூயிட் (சொரசொரப்பான மென்தோல்) வீல் ஒன்றை, கழற்றி மாட்டுகிற குவிக் ரிலீஸ் ஹப்போடு, ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். வண்டி நேராகப் போகாமல் கொஞ்சம் அலைகிறது. சின்ன வீல் போட்டால் அதுவும் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். ஹார்னும் வேலை செய்யவில்லை. கிளாமிஸ் மணல்மேட்டு சீசனுக்குள் நானே மாட்டிவிடலாமா? மூன்று போட்டோ இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகர், சான் டியேகோ

பதில்:

தம்பி, வணக்கம். வெடித்த வீலைக் காட்டத்தான் இரண்டாவது போட்டோவை எடுத்திருக்கிறீர்கள். என் கண் வீலில் நிற்கவில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சாண் தள்ளி ஸ்டீரிங் ஷாஃப்டைச் சுற்றி மோதிரம் போல ஒரு புடைப்பு தெரிகிறதே, கறுப்பு பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்களே, அது வெல்டிங். பீட்டில் ஷாஃப்டில் கம்பெனி போட்ட வெல்டிங் அந்த இடத்தில் வராது. யாரோ நீளத்தை மாற்ற அறுத்து ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் எந்த வீல் வாங்கினாலும் அது தொங்கப்போவது அந்த ஒட்டில்தான். அதனால் வீலுக்கு ஆர்டர் போடும் முன் இதை முடித்துவிடலாம்.

ஏன் அறுத்தார்கள் என்று ஊகிக்க முடிகிறது. 1964இல் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் புரூஸ் மேயர்ஸ் தன் முதல் மாங்க்ஸ் பக்கியைச் செய்தார். பிறகு வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் கிட்டாக விற்றபோது, பீட்டிலின் தரைத்தட்டை நடுவில் பதினாலரை அங்குலம் வெட்டிச் சுருக்கி, அதன்மேல் ஃபைபர் பாடியை உட்காரவைக்கும்படி அமைத்தார். காப்புரிமை வழக்கு கோர்ட்டில் தோற்றதும் அதைப் பார்த்துச் செய்த பாடிகள் தெருவுக்கு ஒன்றாக முளைத்தன. ஒவ்வொன்றிலும் டேஷ் ஒரு உயரம், சீட் ஒரு தாழ்வு. டேஷ் எங்கே வந்ததோ அதற்கு ஏற்ப ஷாஃப்டை வீட்டுக் கராஜிலேயே வெட்டியும் நீட்டியும் ஓட்டியிருக்கிறார்கள். உங்களுடையதும் அப்படி ஒரு கராஜ் குழந்தையாகத்தான் இருக்கும்.

ஷாஃப்ட் என்பது உள்ளே வெற்றான குழாய். இரண்டு குழாய் முனைகளை நேருக்கு நேர் வைத்துச் சுற்றி ஒரு வரி வெல்டிங் ஓட்டினால், பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஒட்டு வாழ்நாள் முழுக்க முறுக்கு வாங்குகிறது: இடப்பக்கம், வலப்பக்கம், பள்ளத்தில் விழும்போது படீரென்று ஒன்று. வெல்டிங்கின் ஓரத்தில் மயிரிழை விரிசல் தொடங்கும். பெயின்ட் அதை மூடியிருக்கும். ஒட்டு விட்டுப்போகிற அன்று வீல் உங்கள் கையில் இருக்கும், சக்கரம் அதன் இஷ்டத்துக்குப் போகும்.

கோவையில் அப்பாவின் லேத் பட்டறையில் வளர்ந்தவன் நான். ஒட்டிய ஷாஃப்டை அவர் கையில் வாங்கினால் முதல் கேள்வி “உள்ளே ஊசி இருக்கா?” என்பதுதான். ஊசி என்று அவர் சொன்னது, குழாய்க்குள் இறுக்கமாக நுழைகிற எஃகுத் தண்டை. அதை இரு பக்கமும் உள்ளே விட்டு, வெளிக்குழாயில் துளை போட்டு, அந்தத் துளை வழியாகவும் வெல்ட் செய்து, கடைசியில்தான் சுற்று வெல்டிங் ஓட்ட வேண்டும். உங்கள் ஷாஃப்டில் ஊசி இருக்கிறதா என்று போட்டோவில் தெரியாது. பெயின்டைச் சுரண்டுங்கள். துளை வெல்டிங்கின் வட்டத் தழும்புகள் ஒட்டுக்கு மேலும் கீழும் தெரிந்தால் செய்தவருக்கு வேலை தெரிந்திருக்கிறது. தெரியாவிட்டால் ஷாஃப்டைக் கழற்றி, ரேஸ் கார் சேஸிஸ் செய்கிற பட்டறை ஒன்றில் கொடுத்துப் புதிதாகவே செய்துகொள்ளுங்கள்.

புதிதாகச் செய்வதென்றால் இன்னொரு லாபமும் உண்டு. 1967 பீட்டிலின் ஷாஃப்ட் நேரே முன்னச்சில் இருக்கும் ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து ஓட்டுபவர் நெஞ்சு வரை ஈட்டி போல வருகிறது. மோதினால் மடங்குகிற ஷாஃப்ட் அமெரிக்க பீட்டிலுக்கு 1968 மாடலில்தான் வந்தது. பக்கியில் முன்னால் பானட் உலோகம்கூடக் கிடையாது. அதனால் நடுவில் இரண்டு யூ-ஜாயின்ட் (கோணத்திலும் சுழலும் மூட்டு) வைத்து ஷாஃப்டைக் கொஞ்சம் கோணலாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். முன்னாலிருந்து இடி வந்தால் நேரே நெஞ்சுக்கு வராமல் அந்த மூட்டில் மடங்கும். வீலின் உயரமும் சாய்வும் உங்கள் தொடைக்குத் தகுந்தபடி அமையும். தொடையில் இடிக்கிறது என்கிறீர்களே, அதற்குப் பாதி மருந்து இதிலேயே இருக்கிறது.

சரி, வண்டி அலைகிறது என்ற விஷயம். சின்ன வீல் அதைச் சரிசெய்யாது. மறைக்கும், அவ்வளவுதான். வண்டியை நேராக நிறுத்தி, முன்சக்கரம் அசையாமல் வீலை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். வீல் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு, 15 மில்லிமீட்டர் அளவுக்கு, ஆட்டம் இருந்தால் பீட்டிலுக்கு அது சகஜம். அதற்கு மேல் என்றால் தேய்மானம். கம்பெனி வீலின் விட்டம் 400 மில்லிமீட்டர். அதில் 30 மில்லிமீட்டர் தெரிகிற ஆட்டம் உங்கள் 280 வீலில் 21 ஆகத் தெரியும். “அட, குறைந்துவிட்டதே” என்று நண்பர்கள் கை தட்டுவார்கள். கோணம் அதேதான், அளக்கிற வட்டம்தான் சுருங்கியது.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒருவர் வீலை ஆட்ட, இன்னொருவர் முன்னால் படுத்துக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பாக்ஸுக்கு மேலே இருக்கும் ரப்பர் கப்ளிங் வெடித்திருக்கிறதா, அதன் கிளாம்ப் போல்ட் தளர்ந்திருக்கிறதா, சக்கரத்தைத் திருப்புகிற டை ராட் தண்டுகளின் முனைகள் கடகடக்கின்றனவா, பால் ஜாயின்ட் தொளதொளக்கிறதா என்று வரிசையாக. பாக்ஸுக்குள் போகிற தண்டு திரும்பியும் வெளியே வரும் கை அசையவில்லை என்றால் பாக்ஸ்தான். பாக்ஸின் மேலே உள்ள ஸ்க்ரூவை முறுக்கினால் ஆட்டம் போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். போகும்தான். அதிகம் முறுக்கினால் திருப்பத்துக்குப் பிறகு வீல் தானாக நேருக்கு வராது, உள்ளே பல்லும் தேய்ந்துவிடும். முதலில் மற்றதெல்லாம், கடைசியில் அந்த ஸ்க்ரூ.

இனி வீலுக்கு வருகிறேன். 280 வேண்டாம்.

நம் ஊர் அம்பாசிடரில் அத்தனை பெரிய ஸ்டீரிங் எதற்கு? பவர் ஸ்டீரிங் கிடையாது, கைக்கு நெம்புகோல் வேண்டும். பக்கியிலும் பவர் ஸ்டீரிங் இல்லை. ஆனால் எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் உட்கார்ந்திருப்பதால் முன்பக்கம் லேசு. அதனால் சின்ன வீல் தாங்கும் என்று சொல்வதில் பாதி உண்மை உண்டு. கணக்கைப் பாருங்கள். 400இலிருந்து 350க்கு இறங்கினால் கை கொடுக்க வேண்டிய பலம் ஏழில் ஒரு பங்கு கூடும். 280க்கு இறங்கினால் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் கூடும். நீங்கள் திருப்பும்போது மட்டும் இல்லை, சக்கரம் எதிலாவது மோதித் திருப்பி அடிக்கும்போதும் அதே கணக்குதான்.

அந்த அடியை நான் வாங்கியிருக்கிறேன். ஒரு ஜனவரி காலை, கிளாமிஸில் ஒரு மேட்டின் அடிவாரத்தில் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். மணலுக்குள் புதைந்த புதர்க்கட்டை ஒன்றில் இடது முன்சக்கரம் ஏறியது. நண்பரின் வண்டி, 300 மில்லிமீட்டருக்கும் குறைந்த வீல். என் இடது கட்டைவிரல் வீலின் ஆரத்துக்கு (நடுவையும் விளிம்பையும் இணைக்கும் கை) உள்ளே கொக்கி போல மாட்டியிருந்தது. வீல் கால் சுற்று தானாகச் சுழன்றது. சத்தம் எனக்கே கேட்டது. ஆறு வாரம் ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து கட்டைவிரல் விளிம்பின் மேலேதான், உள்ளே இல்லை. உங்கள் கையையும் இப்போதே அப்படிப் பழக்குங்கள். ஸ்டீரிங் டேம்பர் என்று ஒரு சின்ன ஷாக் அப்சார்பர் 1960களின் பீட்டிலில் முன்னச்சோடு வரும். பக்கி கட்டுபவர்கள் அதைத் தேவையில்லை என்று கழற்றிவிடுவார்கள். உங்கள் வண்டியில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் புதிய வீலுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் மூன்றாவது போட்டோவில் இரண்டு சீட்டுக்கும் நடுவே ஜோடிக் கைப்பிடி தெரிகிறது. அது கட்டிங் பிரேக். இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இளகிய மணலில் முன்சக்கரம் திரும்பினாலும் கடிக்காது, உழுதுகொண்டு நேரேதான் போகும். அப்போது உள்பக்கப் பின்சக்கரத்தை மட்டும் பிடித்தால் வண்டி அந்தச் சக்கரத்தைச் சுற்றித் திரும்பும். அந்தக் கணத்தில் உங்கள் வலது கை லீவரில், வீலில் இருப்பது ஒரே ஒரு கை. ஒற்றைக் கையால் பிடித்துத் திருப்பக்கூடிய வீல் வேண்டும். என் சிபாரிசு 340 முதல் 350 மில்லிமீட்டர்.

வட்டமான வீலே போதும். அடியில் தட்டையாக வருகிற டி வடிவ வீல் தொடைக்கு நல்லது போலத் தெரியும். பீட்டில் பாக்ஸில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டரைச் சுற்றுக்கும் மேல் போகும். கை மாற்றி மாற்றிச் சுற்றும்போது அந்தத் தட்டைப் பக்கம் எங்கே இருக்கிறது என்று கை தேடும், மேட்டின் உச்சியில் தேட நேரம் இருக்காது.

ஆழம் முக்கியம். ஹப்பிலிருந்து விளிம்பு எவ்வளவு வெளியே உங்களை நோக்கி வருகிறது என்பதைச் சொல்கிறேன். பெல்ட் போட்டுச் சீட்டில் முதுகை ஒட்ட உட்காருங்கள். கையை நேரே நீட்டினால் மணிக்கட்டு வீலின் உச்சியில் படிய வேண்டும். விரல்நுனி மட்டும் எட்டினால் தூரம், முழங்கை வரை போனால் கிட்டம். ஒரு கார்ட்போர்டில் 350 மில்லிமீட்டர் வட்டம் வெட்டி ஷாஃப்ட் முனையில் டேப் போட்டு ஒட்டி, தொடை, இண்டிகேட்டர் லீவர், மீட்டர் எல்லாம் பாருங்கள். பத்து நிமிட வேலை, ஒரு கூரியர் ரிட்டர்ன் மிச்சம்.

சூயிடை மறந்துவிடுங்கள். கையுறை போட்ட ரேஸ் டிரைவருக்கு, கூரையுள்ள காருக்கு அது அருமை. திறந்த பக்கியில் வியர்வையும் மணலும் சேர்ந்து இரண்டே சீசனில் மொறமொறவென்று அப்பளம் ஆகிவிடும். மரவீல் அழகுதான், ஈரக்கைக்கு வழுக்கும், உடைந்தால் சிராய். பாலியூரிதேன் ஃபோம் அல்லது தடித்த வினைல் போதும். தோல் வேண்டுமென்றால் நிறுத்தும்போது துணி போட்டு மூடுங்கள், அந்த வெயில் தோலைக் கருவாடாக்கும். ஆரம் எதனால் செய்தது என்று பாருங்கள். கடற்கரைக்கும் கொண்டுபோவீர்கள் என்றால் குரோம் பூசிய மட்டமான எஃகு உப்புக்காற்றில் பொரிந்துவிடும், அனோடைஸ் செய்த அலுமினியம் தாங்கும்.

காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஹப். வீலுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே இருக்கிற கிண்ணம் அது. பீட்டில் ஷாஃப்டின் பல்வரிசை 1960 முதல் 1974 மாடலின் நடுப்பகுதி வரை ஒரு மாதிரி, அதற்குப் பிறகு வேறு. உங்கள் டைட்டிலில் 1967 என்று இருப்பது தரைத்தட்டுக்குத்தான் உத்தரவாதம். மேலே அறுத்து ஒட்டிய ஷாஃப்ட் எந்த வருடத்தது என்று யாருக்குத் தெரியும்? வீலைக் கழற்றிப் பல்லைப் பார்த்த பிறகுதான் ஹப் வாங்க வேண்டும். முழுக்க அலுமினியத்தில் வார்த்த மலிவு ஹப்பில் பல் மெதுவாக நசுங்கும். நடுவில் எஃகுச் செருகல் உள்ளதாகப் பாருங்கள்.

ஹப்பின் மறுபக்கம் வீலின் துளைகள். மோமோ, ஸ்பார்கோ, ஓஎம்பி வீல்களில் ஆறு துளை, எதிரெதிர்த் துளை மையங்களுக்கு நடுவே 70 மில்லிமீட்டர். நார்டி, பெர்சனல் வீல்களில் 74. கிராண்ட் வீல்களில் ஐந்து துளையும் மூன்று துளையும் உண்டு. நாலு மில்லிமீட்டர்தானே என்று துளையை ராவிப் பெரிதாக்கியவர்களை எனக்குத் தெரியும். செய்யாதீர்கள். ஸ்க்ரூவின் தலை பாதி காற்றில் உட்காரும்.

குவிக் ரிலீஸ் பற்றி எனக்கு இரண்டு மனசு. கதவே இல்லாத வண்டியை ஹோட்டல் வாசலில் நிறுத்திவிட்டு வீலைக் கையோடு எடுத்துப் போகலாம் என்பது நல்ல வசதி. ஆனால் அதன் பூட்டு சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளை நம்பியிருக்கிறது. அந்தக் காலருக்குள் மணல் போனால் முழுதாகப் பூட்டாமலே பூட்டியது போல நிற்கும். ஷாஃப்டின் நீளத்தையும் இரண்டு அங்குலம் கூட்டிவிடும், உங்கள் தொடைக்கு அது வேறு. கட்டாயம் வேண்டுமென்றால் அறுகோணம், பின் என்றெல்லாம் இல்லாமல் முழுச் சுற்றும் பல் உள்ள ரகமாக, ரேஸ் பாகங்களுக்கான எஸ்எஃப்ஐ 42.1 பாதுகாப்பு முத்திரை உள்ளதாக வாங்குங்கள். மாட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு கையாலும் நெஞ்சை நோக்கி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். என் வண்டியில் நான் வைக்கவில்லை.

மாட்டுவது நீங்களே செய்யலாம். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, முன்சக்கரம் நேராக, இண்டிகேட்டர் லீவர் நடுவில் இருக்கும்படி வையுங்கள். லீவர் ஒரு பக்கம் கிடக்க வீலை இழுத்தால் ஸ்விட்சின் பல் உடையும். நடு மூடியைப் பெயர்த்ததும் பெரிய நட் தெரியும். ஷாஃப்ட் முனையிலும் வீலிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். நட்டைத் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம், இரண்டு மரை நிற்கட்டும். ஐம்பது வருடம் இறுகிய வீல் சட்டென்று விடும்போது நேரே உங்கள் மூக்குக்குத்தான் வரும், அந்த இரண்டு மரைதான் காப்பாற்றும். விளிம்பை இப்படி அப்படி அசைத்து இழுங்கள். வராவிட்டால் வீலை இழுத்தெடுக்கும் புல்லர் கருவியைப் போடுங்கள். சுத்தியல் எடுக்காதீர்கள், அடி கீழே பாக்ஸ் வரை போகும்.

புதிய ஹப் கையாலேயே பல்லில் வழுக்கி உட்கார வேண்டும். தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் அது உங்கள் ஷாஃப்டின் ஹப் இல்லை. நட் அதன் முழு உயரத்துக்கும் மரையில் ஏறுகிறதா பாருங்கள், டார்க் ரெஞ்சில் 36 அடி-பவுண்டு, அதாவது சுமார் 50 நியூட்டன் மீட்டர். வீலின் ஆறு ஸ்க்ரூவையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஒவ்வொன்றிலும் மரை தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு. சின்ன ஸ்க்ரூ அவை, பலத்தைக் காட்டினால் தலை போகும். வீல் கோணலாக நிற்கிறது என்று பல் மாற்றி மாற்றி மாட்டி நேராக்காதீர்கள். பாக்ஸ் நடுவில் இருக்கும்போது வீல் நேராக இருக்கட்டும், சக்கரத்தை டை ராடில் திருத்துங்கள். பாக்ஸின் பல் நடுவில்தான் இறுக்கமாகக் கோர்க்கும்படி செய்திருக்கிறார்கள், அந்த இடத்தை விட்டு ஓட்டினால் அலைச்சல் திரும்ப வரும். முதல் நாள் ஓட்டிவிட்டு வந்ததும் நட்டையும் ஸ்க்ரூக்களையும் மறுபடி ஒரு முறை பாருங்கள்.

ஹார்ன் எளிது. பீட்டிலில் பட்டன் செய்வது எர்த் கொடுப்பதை மட்டும்தான். ரப்பர் கப்ளிங் மின்சாரத்தைத் தடுக்கும் என்பதால் அதைத் தாண்ட ஒரு சின்ன ஒயர் இருக்கும். பக்கிகளில் பெரும்பாலும் அதுதான் அறுந்து தொங்கும். ரோட்டிலும் ஓட்டுவதென்றால், கலிஃபோர்னியா சட்டப்படி ஹார்ன் 200 அடிக்குக் கேட்க வேண்டும். ஷாஃப்டுக்கு இடையில் யூ-ஜாயின்ட் போடும்போதே அந்த ஒயரையும் கேட்டு வாங்குங்கள்.

மடி விஷயம். நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதற்கு விளக்கமே தேவையில்லை. பையன் மடியில் உட்கார இடம் வேண்டும் என்பதற்காகச் சின்ன வீல் வாங்காதீர்கள், அவனை மடியில் வைத்து ஓட்டாதீர்கள். மேலே எழுதிய ஈட்டிக்கும் உங்கள் நெஞ்சுக்கும் நடுவே அவன் தலை இருக்கும். அவனுக்கென்று சீட், அவன் உடம்புக்குப் பொருந்துகிற பெல்ட், ஹெல்மெட், எல்லாம் ரோல் கேஜுக்கு (வண்டி கவிழ்ந்தால் காக்கும் குழாய்க் கூண்டு) உள்ளே. அவன் உயரம் அதற்கு இன்னும் போதாது என்றால் இந்த சீசன் கரையில் நின்று பார்க்கட்டும்.

பழைய வீலைக் குப்பையில் போட வேண்டாம். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நடு மூடியில் கோட்டையும் ஓநாயும் உள்ள வூல்ஃப்ஸ்பர்க் சின்னம் மங்கலாக இருக்கிறது. வெடித்த இடங்களில் எபாக்ஸி பூசித் தேய்த்து, ஒரு பலகையில் போல்ட் போட்டுப் பையனிடம் கொடுங்கள். ஹார்ன் சத்தத்தை அவனே போட்டுக்கொள்வான்.